மொட்டைக் கோபுரத்தின் மேல் யன்னல்

04.11.2003, செவ்வாய்
மழை: இல்லை. காற்று: வடகிழக்கு, மிதம்.

காலை எட்டரைக்கு எருக்கலடித் துறையில் வள்ளம் ஏறி, பத்து மணிக்குக் கண்டல்தீவில் இறங்கினேன். கொண்டு வந்த சாமான்கள்: தியோடலைற் பெட்டி, முப்பது மீற்றர் இரும்பு நாடா, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, மழைமானி, பூரணத்தின் சிவப்புக் கைத்தறி விரிப்பு. கடைசியானதை என் தங்கை எனக்குச் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். என் மனைவி பூரணம் போய் ஏழு வருடமாகிறது. விரிப்பில் இன்னும் நூல் பிரியவில்லை.

தீவில் ஒல்லாந்தர் கட்டிய காற்றாலைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கும் எண்ணம் திணைக்களத்துக்கு. அதற்கு முன் கோபுரத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். இத்தனை நூற்றாண்டில் அது எதற்கெல்லாம் பயன்பட்டது என்று ஒரு அறிக்கையும் எழுத வேண்டும். இளைப்பாறிய நில அளவையாளன் என்று என்னைப் பிடித்தார்கள். "ஜனவரிக்குப் பிறகு செய்தாலும் காணும், ஐயா" என்றார் அதிகாரி. மாரி முற்றுவதற்கு முன் செய்வதுதான் நல்லது என்று நான்தான் சொன்னேன். மாரி ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

இங்கே ஆட்கள் இல்லை. பதின்மூன்று வருடங்களுக்கு முன் எல்லோரும் எருக்கலடிக்கு இடம்பெயர்ந்தார்கள். கோபுரத்தில் இருந்த படையினர் போன வருடம் வெளியேறினார்கள். ஆனாலும் சனம் திரும்பவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஆடுகள் முப்பது நாற்பது திரிகின்றன.

வள்ளக்காரர் பெயர் அருளப்பு. ஐம்பது வயதிருக்கும், இந்தத் தீவில் பிறந்தவர். செவ்வாயும் சனியும் வந்து சாமான் தந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வாய் ஓயாத மனிதர்.

"சேவையர் ஐயா, மொட்டைக் கோபுரத்தில தனியவோ இருக்கப் போறியள்?"

"ஓம்."

"அந்த மேல் யன்னலைப் பற்றி ஒரு கதை இருக்கு, ஐயா. எங்கட அப்புன்ர காலத்தில..."

"கதை வேண்டாம், அருளப்பு. எனக்கு அளவு காணும்."

அவர் சிரித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினார். பேய்க் கதையாக இருக்கும். முப்பத்தேழு வருட உத்தியோகத்தில் பேய் இல்லாத பழைய கட்டடம் ஒன்றை நான் அளந்ததில்லை.

05.11.2003, புதன்
மழை: 4 மி.மீ.

உயரம் 11.40. சுவர்த் தடிப்பு அடியில் 1.35. மூன்று தட்டு. கூரை இல்லை, அதனால்தான் மொட்டை.

கீழ்த்தட்டின் தரையில் வட்டமாக ஒரு பள்ளம். திரிகைக் கல் சுற்றிய தடம் என்று நினைத்தேன். உட்கார்ந்து தடவிப் பார்த்தால் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. கனகாலம் சுற்றவில்லை. திணைக்களம் தந்த பழைய குறிப்பும் அதையே சொல்கிறது. சிப்பாய்களுக்கு மாவரைக்கக் கட்டிய ஆலை, இரண்டாவது மாரியிலேயே வாடைக்காற்று நாலு இறகையும் பிய்த்துக் கடலில் போட்டுவிட்டது. தங்கள் ஊர்க் காற்றுக்குக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இங்கே மாரியில் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெளிச்சுற்றளவை எடுக்க முடியவில்லை. நாடாவின் ஒரு முனையைக் கல்லால் அழுத்திவிட்டுச் சுற்றி வந்தேன். காற்று நடுவில் தூக்கிவிட்டது. மூன்று முறை எடுத்தேன்: 28.1, 28.9, 28.6. மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

06.11.2003, வியாழன்
மழை: 11 மி.மீ.

இரண்டாம் தட்டில் சுவர் முழுக்கப் புறாப் பொந்துகள். எண்ணினேன், நூற்றெட்டு. ஆலை கெட்ட பிறகு தூதுப் புறா வளர்த்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த ஆங்கிலேயர் கீழ்த்தட்டில் குதிரைகளுக்குத் தீனி அடைத்தார்கள். சுவரில் கட்டு வளையம் மூன்று இருக்கிறது. ஒன்று இன்னும் சுழலுகிறது.

இரவுச் சோற்றுக்குப் பருப்பு. உப்புக் கூடிவிட்டது. குறை சொல்ல ஆளில்லை.

07.11.2003, வெள்ளி
மழை: 2 மி.மீ.

குறிப்பின்படி, கொள்ளைநோய்க் காலத்தில் அக்கரையான இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களை இந்தத் தீவில் மறித்து வைத்திருக்கிறார்கள். கோபுரம் அந்த முகாமின் காவல் நிலையம். அதன் பிறகு ஒரு கலங்கரை விளக்கு. அதன் பிறகு இரண்டு வருடம் பள்ளிக்கூடம். மேல்தட்டுச் சுவரில் பெருக்கல் வாய்பாடு கீறியிருக்கிறது, ஏழாம் வாய்பாட்டில் இரண்டு பிழை. கடைசியாகப் படையினரின் காவற்கூடு. அவர்களின் மண் மூட்டைகள் பிரிந்து கிடக்கின்றன.

மேல் யன்னல் எருக்கலடியைப் பார்த்தது. அதன் வெளிப்பக்கம், ஒரு முழம் கீழே, இரும்புக் கொளுக்கி ஒன்று. மற்ற இரும்பெல்லாம் துருவேறி உதிர, இது மட்டும் வழவழவென்று இருக்கிறது. எதற்கென்று குறிப்பில் இல்லை. "பயன் தெரியாது" என்று எழுதினேன்.

08.11.2003, சனி
மழை: இல்லை.

அருளப்பு சாமானோடு ஒரு கடிதமும் கொண்டு வந்தார். மகள் வதனியின் கையெழுத்து. கனடாவிலிருந்து வந்து தங்கையின் வீட்டில் நிற்கிறாளாம். அவள் வரப்போவதாகத் தங்கை போன மாதமே சொல்லியிருந்தாள். திகதி எனக்குச் சரியாக நினைவில்லை.

ஆறு வரி. "15ஆம் திகதி சனிக்கிழமை வள்ளத்தில் வருவேன். பின்னேரம் அதே வள்ளத்தில் திரும்புவேன். 22ஆம் திகதி பிளேன். இருந்தால் இருங்கோ."

இருந்தால் இருங்கோவாம். தீவை விட்டு நான் எங்கே போவது?

வந்தால் வரட்டும்.

பின்னேரம் மறுபடி வெளிச்சுற்றளவு. 28.7.

11.11.2003, செவ்வாய்
மழை: 23 மி.மீ. இரண்டு பாட்டமாகப் பெய்தது.

அருளப்பிடம் சொல்லிவிட்டவை: மாரி பிஸ்கற் ஒரு பைக்கற், ரின்பால் ஒன்று, சீனி அரைக் கிலோ, கோப்பை இரண்டு. "ஐயா சீனி போடுறேல்லையே?" என்றார். மாரிக்கு உடம்பு கேட்கிறது என்றேன். தன் சொந்தத் தேவைக்கு வாங்கி வைத்திருந்ததை மத்தியானமே திரும்பி வந்து தந்துவிட்டுப் போனார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

13.11.2003, வியாழன்
மழை: 9 மி.மீ.

கீழ்த்தட்டைக் கூட்டினேன். ஆட்டுப் புழுக்கை ஒரு சாக்கு. மேல்தட்டில் மண் மூட்டைகளை அடுக்கி, இருக்கத் தோதாகச் செய்தேன். வேலைக்கு வசதி.

14.11.2003, வெள்ளி
மழை: இல்லை. காற்று பலம்.

மண் மூட்டையில் வெறுமனே உட்கார்ந்தால் உடுப்பு பழுதாகும். பூரணத்தின் விரிப்பைப் போடலாம். பத்து நாளாக நான் கிடந்து எழும்பியதில் ஊத்தை பிடித்திருந்தது. கிணற்றடியில் தோய்த்தேன். கீழே கட்டினால் ஆடுகள் கடிக்கும். நாளைக் காலை மேல் யன்னலில் காயப்போடுவேன். கொளுக்கிக்கு ஒரு பயன் கிடைத்தது.

வேட்டியையும் எடுத்து மடிப்புப் பார்த்து வைத்தேன்.

15.11.2003, சனி
மழை: காலையில் இல்லை.

ஐந்தரைக்கு எழுந்து முகம் வழித்தேன். ஏழு மணிக்கு விரிப்பை மேல் யன்னல் கொளுக்கியில் மாட்டினேன். நல்ல காற்று, அரை மணியில் பாதி காய்ந்தது. வேட்டி கட்டினேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

ஒன்பதே காலுக்கு வள்ளம் தெரிந்தது. தியோடலைற்றின் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தேன். என்னுடையது பழைய கருவி, உருவம் தலைகீழாகத்தான் தெரியும். கடல் மேலே, வானம் கீழே, நடுவில் வள்ளம் கவிழ்ந்து வந்தது. அருளப்பு, அவருடைய மச்சான், முன்னால் ஒரு பெண். நீலச் சட்டை. இடது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நெற்றியில் வைத்திருந்தாள். பூரணமும் வெயிலில் அப்படித்தான் பார்ப்பாள். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயது.

அறுநூறு மீற்றர் தூரத்தில் வள்ளம் நின்றது. ஓடிப்போய் யன்னலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். கூப்பிட்டேன். காற்று என் முகத்துக்கு எதிராக அடித்தது. திரும்பவும் கருவியில் பார்த்தேன். அவள் எழுந்து நின்று கையை நீட்டி ஏதோ சொன்னாள். ஆட்கள் இருவரும் அவளைப் பிடித்து இருத்தினார்கள். வள்ளம் ஆடியிருக்கும். பிறகு அது திரும்பி எருக்கலடிப் பக்கம் போனது.

திருப்பச் சொன்னது அவள்தான். என்னைக் கண்டிருப்பாள். கண்டதும் மனம் மாறியிருக்கும். அவளுக்கு அதற்கு நியாயம் உண்டு.

தேத்தண்ணீர் போடவில்லை. மத்தியானம் தூறியது. விரிப்பை இறக்கி மடித்து வைத்தேன்.

16.11.2003, ஞாயிறு
மழை: 18 மி.மீ. பிஸ்கற் பைக்கற்றை உடைக்கவில்லை.

17.11.2003, திங்கள்
மழை: 31 மி.மீ.

ஆட்டுக்குட்டி ஒன்று மழைக்குப் பயந்து உள்ளே வந்தது. கலைக்கவில்லை. பழைய குதிரை வளையத்தடியில் படுத்திருக்கிறது.

எழுதிவிடுகிறேன். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பூரணத்துக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. மழை, மருந்தில்லை. ஐந்தாம் நாள் விடியும்போது போனாள். அன்றைய என் நாட்குறிப்பு: "பூரணம் 4.10க்கு காலமானாள். மலேரியா." அதன் கீழே மழை. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனைக்கு விட்டது, மொத்தம் 62 மி.மீ., அந்த மாதத்தில் அதுதான் கூட.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் வதனி அதை எடுத்து வாசித்துவிட்டாள். "அம்மாவுக்கு ரெண்டு வரி. மழைக்கு மூண்டு வரி" என்றாள். கொப்பியை மூடி என் முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு எட்டாம் திகதி வந்த கடிதம்வரை அவள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்றும் தங்கையிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மழையை எழுதக் கை வந்தது. மற்றதை எழுதக் கை வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தேன். ஒரே வீட்டில் இருந்து பேசாமல் போவாளோ என்று பயம்.

18.11.2003, செவ்வாய்
மழை: 12 மி.மீ.

வள்ளம் வரவில்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. துறையில் மதியம்வரை நின்றேன். அருளப்பும் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

மண்ணெண்ணெய் தீருகிறது. சுள்ளி நனைந்திருக்கிறது. வதனியின் பிளேனுக்கு இன்னும் நாலு நாள்.

19.11.2003, புதன்
மழை: இல்லை.

செய்ய வேறு வேலை இல்லாததால் மேல் யன்னலின் உள்பக்கம் சுண்ணாம்புப் படைகளை எண்ணத் தொடங்கினேன். எத்தனை தடவை வெள்ளையடித்தார்கள் என்று பார்த்தால் காலம் பிடிபடும். பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினேன். நாலாவது படை உரிந்தபோது கறுப்பாக ஒரு எழுத்து தெரிந்தது. பிறகு ஒரு வரி. இரண்டு மணி நேரம் எடுத்தது.

"சிகப்பு: நோயுண்டு. ஒரு வள்ளமும் அணுகப்படாது. இறக்கி எட்டுநாள் செல்லவேணும்.
வெள்ளை: சுகம். வரலாம்."

கீழே ஒரு அம்பு. அம்பு கொளுக்கியைக் காட்டுகிறது.

நோய் முகாமின் காவலாளிக்காக எழுதி வைத்தது. நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். ஆனால் கொளுக்கி வழவழவென்று இருக்கிறது. படையினர் சுட்டுப் பழகும் நாட்களில் வள்ளங்களை விலக்க இதே சிவப்பைத்தான் கட்டியிருப்பார்கள். எருக்கலடிச் சனத்துக்கு அது எப்போதும் ஒன்றுதான்: கிட்டப் போகாதே.

நான் பூரணத்தின் விரிப்பைக் கட்டினேன். அது போதாதென்று யன்னலில் நின்று வராதே வராதே என்று கையையும் ஆட்டினேன்.

அருளப்பு முதல் நாளே சொல்ல வந்தார். கதை வேண்டாம் என்றேன். ஒல்லாந்தனுக்குப் புத்தி சொன்ன பெரிய ஆள் நான்! தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன். இதையும் எழுதுகிறேன்.

வெள்ளைக்கு என்னிடம் இருந்தது அந்த வேட்டி ஒன்றுதான். பின்னேரம் நாலரைக்குக் கொளுக்கியில் கட்டினேன். சாரத்தோடு நின்று, இருட்டும்வரை எருக்கலடியைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

20.11.2003, வியாழன்

ஆறே முக்காலுக்கு வள்ளம் வெளிக்கிட்டதைக் கண்டேன். தியோடலைற்றைத் தொடவில்லை. துறைக்கு ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடக்கூடாது.

வள்ளம் தரை தட்டுமுன்னே வதனி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நடந்து வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்தாள்.

"காய்ச்சல் இல்லை" என்றாள், அருளப்பைத் திரும்பிப் பார்த்து.

"அப்ப ஏன் ஐயா சிவப்புக் கட்டினனீங்கள்?"

"காயப்போட்டது."

அருளப்புக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "நான் சொல்ல வெளிக்கிட்டனான். கதை வேண்டாம் எண்டனீங்கள். அண்டைக்கு வெளிக்கிடேக்க நாங்கள் கோபுரத்தைப் பாக்கேல்லை, கிட்ட வந்துதான் சிவப்பைக் கண்டம். இந்தப் பிள்ளை பட்ட பாடு தெரியுமே? கடலுக்க குதிச்சு நடந்தெண்டாலும் போறன் எண்டு நிண்டது. நானும் மச்சானும் ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கொண்டுதான் வள்ளத்தைத் திருப்பினது. ஐஞ்சு நாளும் எங்கட வீட்டிலதான். சாப்பாடும் இல்லை, துறையில குந்திக்கொண்டு உந்தக் கோபுரத்தைப் பாத்தபடி. நேற்றுப் பொழுதுபட வெள்ளையைக் கண்டதும் அப்பவே வரச் சொல்லி நிண்டது."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ, ஐயா" என்று சொல்லிவிட்டு ஆடு பார்க்கப் போனார். பின்னேரம் மூன்றுக்கு வெளிக்கிட வேண்டும், நாளை வதனி கொழும்புக்குப் போகிறாள்.

தேத்தண்ணீர் போட்டேன். ஈரச் சுள்ளியில் கொதிக்க முக்கால் மணி. இரண்டு கோப்பை. பிஸ்கற்றை உடைத்தேன், நமுத்துப் போயிருந்தது. அவள் ஆறு சாப்பிட்டாள்.

"அம்மாட பெட்சீற் எண்டு எனக்கு அங்கயிருந்தே தெரிஞ்சது" என்றாள். "காய்ச்சலாக் கிடந்தாலும் அதைத்தான் கட்டியிருக்கிறார் எண்டு நினைச்சன்."

பிறகு கேட்டாள்: "இப்பவும் டயறி எழுதுறியளோ?"

கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவள் மேல் யன்னலில் உட்கார்ந்து வாசித்தாள். நான் கீழே போய் நின்றேன். எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நாலாம் திகதியிலிருந்து நேற்றுவரை எல்லாப் பக்கமும் வாசித்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு பிழை இருக்கு" என்றாள். "சனிக்கிழமை நான் போட்டிருந்தது நீலம் இல்லை. பச்சை."

"கருவி பழசு, பிள்ளை."

"அண்டைக்கும் இப்பிடி எழுதியிருக்கலாமே, அப்பா?"

"கை வரேல்லை."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்தது. பூரணம் போன அன்று வராதது. அவளும் அழுதாள். ஆட்டுக்குட்டி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

ஒரு மணிக்கு நாடாவை எடுத்தாள். சின்ன வயதில் விடுமுறைக்கு என்னோடு அளக்க வருவாள், மறுமுனை அவளுடைய வேலை. மறக்கவில்லை. பெருவிரலால் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரி, அப்பா" என்றாள். சுற்றி வந்தேன். 28.46. இன்னொரு முறை. 28.46.

அறிக்கையில் கொளுக்கியின் கீழ் "பயன் தெரியாது" என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்: வள்ளங்களுக்கு அடையாளத் துணி கட்ட, இன்றும் நடைமுறையில் உண்டு, மேலும் விபரத்துக்கு அருளப்பரைக் கேட்கவும்.

மூன்றுக்கு வெளிக்கிட்டார்கள். விரிப்பை அவள் எடுத்துக்கொண்டாள். "மறையும் மட்டும் வெள்ளையை இறக்காதேங்கோ" என்று வள்ளத்திலிருந்து சொன்னாள். இறக்கவில்லை. மறைந்த பிறகும் இறக்கவில்லை. கோபுரத்தில் திரும்ப நான் தனியாகத்தான் இருக்கிறேன், முன்னை விட இப்போதுதான் அது தெரிகிறது.

பின்னேரம் நல்ல மழை. மழைமானி வெளியில்தான் இருந்தது. அளக்கவில்லை.